நோஞ்சான் கிளையை ஒதுக்கும் ரம்ப ஈ

செடி நோஞ்சானாக இருந்தால்தான் பூச்சி வரும் என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். மாடியில் தொட்டி வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி ஏறினால், "தண்ணி சரியா ஊத்தல, அதான் புடிச்சிருக்கு" என்பார்கள். உடம்பில் தெம்பு குறைந்தால் சளி பிடிக்கிற மாதிரி, செடிக்கும் அதே கணக்கு.

நெல் வயல் பக்கம் போனால் பேச்சு வேறு. யூரியாவை அள்ளிப் போட்டு, பயிர் கருகருவென்று எழும்பி நின்றால் அனுபவஸ்தர் முகம் சுளிப்பார். "இலைச் சுருட்டு வரப்போகுது பார்" என்பார். தெம்பான பயிரைத் தேடியும் பூச்சி வரும் என்பது அவர் கண்டது.

சரி, இரண்டில் எது உண்மை? பூச்சியியலில் இது பல ஆண்டுகள் நடந்த வழக்கு. அதில் வயல்காரர் பக்கம் வந்து நின்ற முக்கியமான சாட்சி, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வில்லோ புதர்களில் வாழும் ஒரு ரம்ப ஈ. யூரா லாசியோலெபிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பெயர் பெரிது, ஆள் சின்னது. ஒரு அரிசி மணியளவுதான் இருக்கும்.

வில்லோ என்றதும் நமக்கு கிரிக்கெட் மட்டைதான் ஞாபகம் வரும். மட்டை செய்யும் வில்லோ வேறு, அது உயர்ந்து வளரும் வெள்ளை வில்லோ வகை. வில்லோக்கள் அடங்கிய சலிக்ஸ் பேரினத்தில் ஏறக்குறைய 400 இனங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைக்கரைகளில் நிற்கும் ஆற்றுப்பாலையும் அதில் ஒன்று. நம் கதைக்குரியது அரோயோ வில்லோ. 'அரோயோ' என்றால் ஸ்பானிய மொழியில் ஓடை. மழையும் பனியும் இருந்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல் தெரியக் கிடக்கும் ஓடை. அந்த ஓரத்தில் அடியிலிருந்தே பல தண்டுகளாகப் புதர்போல் எழும்பும் வில்லோ இது. வடக்கு அரிசோனாவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு ஊர், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் பைன் காட்டுக்கு நடுவே இருக்கிறது. அரிசோனா என்றால் பாலைவனமும் சப்பாத்திக்கள்ளியும் என்று நினைத்திருந்தால், இந்த ஊரில் குளிர்காலத்தில் விழும் பனியைப் பார்த்து அசந்துவிடுவோம். ஊரைச் சுற்றியுள்ள ஓடைகளில் அரோயோ வில்லோ நிறைய உண்டு.

கோடை நடுவில் அந்தப் புதரின் இளங்கிளை ஒன்றை உற்றுப் பார்த்தால், தண்டு ஓரிடத்தில் திடீரென்று பருத்திருப்பது தெரியும். பாம்பு எலியை விழுங்கியபின் வயிறு மட்டும் உப்பித் தெரியுமே, அப்படி. முடிச்சுக்கு மேலும் கீழும் தண்டு வழக்கம்போல் மெலிந்துதான் இருக்கும். பிளேடால் நீளவாக்கில் அறுத்தால் உள்ளே ஈரமான வெளிர்பச்சைச் சதை, அதற்கு நடுவில் ஒரு குடைவு, குடைவுக்குள் வெளிறிய நிறத்தில் ஒரே ஒரு புழு. பக்கத்தில் அது கழித்த பழுப்புத் துகள்கள். சாப்பாடு, படுக்கை, கழிப்பறை எல்லாம் ஒரே அறை. குளிர்காலம் முழுக்க அந்த அறையிலேயே கூடு கட்டிக் கிடந்து, வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, கோடையின் தொடக்கத்தில் ஈயாக வெளியே வருகிறது. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான். வெளியே வந்த ஈக்கு வாழ்நாள் சில நாட்கள். ஆக, இந்தப் பூச்சியின் ஆயுளில் பெரும்பகுதி ஒரு தண்டுக்குள்ளேயே கழிகிறது.

இப்படிப்பட்ட முடிச்சுகள் நமக்குப் புதிதல்ல, பெயர் தெரியாமல் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கிற வீடுகளில் இருக்கும் மாசிக்காய், காயே அல்ல. ஓக் மரக் கிளையில் ஒரு சின்னக் குளவி உண்டாக்கிய முடிச்சு அது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் கடுக்காய்ப்பூவும் பூ அல்ல, கடுக்காய் மரத்தின் இலையில் பூச்சி எழுப்பிய புடைப்பு. கற்கடகசிங்கி அசுவினி கட்டிய வீடு. தெருவோரப் புங்க மரத்து இலைகளில் கடுகு தூவிய மாதிரி மேடுமேடாக இருப்பது, கண்ணுக்கே தெரியாத சிலந்திப்பேன்களின் வேலை. நெல்லில் இலைக்குப் பதிலாக வெங்காயத்தாள் மாதிரி வெள்ளிக்குழல் நீண்டுவிடுகிறதே, அது ஆனைக்கொம்பன் ஈயின் கைங்கரியம். பூச்சிக்கும் செடிக்கும் நடுவில் இந்த ஒப்பந்தம் எத்தனையோ முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. கட்டுவது செடி, குடியிருப்பது பூச்சி. இதைக் கழலை என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு முடிச்சு என்கிற சொல்லே போதும்.

ரம்ப ஈ என்று பெயர் இருந்தாலும் இது ஈ வகை அல்ல. தேனீ, குளவி, எறும்பு சேர்ந்த கூட்டத்தைச் சேர்ந்தது, அந்தக் கூட்டத்திலேயே பழைய கிளை. குளவிக்கு இருக்கிற இறுகிய இடுப்பு இதற்கு இல்லை, வயிறும் மார்பும் ஒரே அகலத்தில் சேர்ந்திருக்கும். கொட்டவும் தெரியாது. குளவிக்குக் கொடுக்கு இருக்கிற இடத்தில் பெண் ரம்ப ஈக்கு ஒரு ரம்பம் இருக்கிறது. பல் வைத்த இரண்டு மெல்லிய தகடுகள், ஒன்றையொன்று ஒட்டிச் சறுக்கும்படி அமைந்தவை. ஒன்று முன்னே போகும்போது மற்றது பின்னே வரும். இப்படி மாற்றி மாற்றி இழுத்துத் தண்டின் தோலைக் கிழித்து, உள்ளே ஒரு பை மாதிரி இடம் செய்து, அதில் முட்டையை வைக்கிறது. தச்சர் ரம்பத்தைப் போல மரத்தை அறுக்கிற வலு அதற்குக் கிடையாது. வெண்டைக்காய்ப் பிஞ்சு மாதிரி இளசாக இருக்கிற தண்டில்தான் அது இறங்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பூச்சியைப் பற்றிப் பின்னால் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் இதுதான் ஆணிவேர்.

முட்டையோடு இன்னொன்றும் உள்ளே போகிறது, பெண் ஈயின் உடலில் சுரக்கும் ஒரு சாறு. வில்லோ ரம்ப ஈக்களின் தனித்தன்மையே இங்கேதான். மற்ற பல முடிச்சுப் பூச்சிகளில் முட்டை பொரிந்து புழு கடிக்க ஆரம்பித்த பிறகுதான் முடிச்சு எழும்பும். இங்கே முட்டை பொரிவதற்கு முன்பே தண்டு வீங்கத் தொடங்கிவிடும். பிள்ளை பிறப்பதற்குள் தாய் வீட்டைக் கட்டச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.

இதைச் சோதித்துக் காட்டியவர் நெதர்லாந்துக்காரர் மார்டினஸ் பெய்ஜரிங்க். வைரஸ் என்கிற கருத்துக்கு 1898-இல் அடித்தளம் போட்ட அதே ஆள்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1877-இல், தாவர முடிச்சுகளைப் பற்றி எழுதித்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கினார். 1888-இல் வெளியிட்ட ஆய்வில் வில்லோ இலையில் முடிச்சு கட்டும் ரம்ப ஈயை எடுத்துக்கொண்டார். ஈ முட்டை வைத்த உடனே அந்த முட்டையை ஊசியால் அழித்துப் பார்த்தார். முட்டை செத்தும் முடிச்சு வளர்ந்தது. அப்படியானால் இலையைத் தூண்டுவது முட்டையோ புழுவோ அல்ல, தாய் விட்டுப்போன சாறு. உயிரில்லாத ஒரு திரவம் உயிருள்ள திசுவைத் தன் இஷ்டப்படி வளர வைக்கிறது என்பதைப் பத்தாண்டு முன்பே கண்டிருந்தவருக்கு, புகையிலைச் செடியின் நோய் வடிகட்டியையும் தாண்டிப் போகும் ஒரு திரவத்தில் இருக்கிறது என்று சொல்ல அவ்வளவு தயக்கம் இருந்திருக்காது. இது என் ஊகம்தான்.

அந்தச் சாற்றில் என்னதான் இருக்கிறது? இதற்கு ஓரளவு தெளிவான பதில் 2012-இல் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ஒரு வில்லோவின் இலையில் முடிச்சு கட்டும் ரம்ப ஈயை ஆராய்ந்தார்கள். செடி தன் வளர்ச்சிக்குத் தானே தயாரித்துக்கொள்ளும் ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு ஹார்மோன்களும் பூச்சியின் உடலில் மிக அதிக அளவில் இருந்தன. பெண் ஈயின் சுரப்பியில் சைட்டோகைனின் குவிந்து கிடந்தது. செடியைத் தின்று சேர்த்துக்கொண்டதுதானே என்று கேட்கலாம். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் கொடுத்தபோது, பூச்சி அதை வைத்துத் தானே ஆக்சின் தயாரித்தது. செடிக்குள் புழங்குகிற உத்தரவுக் கடிதத்தைப் பூச்சி தன் வீட்டிலேயே அச்சடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செடிக்குக் கையெழுத்து வித்தியாசம் தெரிவதில்லை.

இப்போது ஃபிளாக்ஸ்டாஃபுக்குத் திரும்புவோம். இங்கிலாந்தில் பிறந்த பீட்டர் பிரைஸ் என்ற சூழலியலாளர் 1979-இல் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஊரைச் சுற்றியிருந்த வில்லோக்களில் இந்த ரம்ப ஈயைப் பார்த்தார். முடிச்சு கட்டும் பூச்சியில் ஆய்வாளருக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. இலை தின்னும் புழு தின்றுவிட்டுப் போய்விடும், எங்கே பிறந்தது, எங்கே செத்தது என்று யாருக்கும் தெரியாது. முடிச்சுக்குள் இருப்பது எங்கும் போகாது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகு கிளையைக் கையில் எடுத்தால், போன கோடையில் நடந்த கதை முழுவதும் அதில் இருக்கும். கிளை எவ்வளவு நீளம், முடிச்சு எங்கே, புழு எந்த வயதில் செத்தது, யார் கொன்றது. ஓட்டுப் பெட்டியைப் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு முடிச்சாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். டிமதி கிரெய்க், ஜோன் இட்டாமி என்று பலர் அவரோடு சேர்ந்து பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார்கள்.

கணக்குப் போட்டபோது ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. முடிச்சுகள் எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இல்லை. நீளமாக, விறுவிறுவென்று வளர்ந்த இளங்கிளைகளில் குவிந்திருந்தன. குட்டையான கிளைகளில் மிகக் குறைவு. இத்தனைக்கும் புதரில் பெரும்பான்மை குட்டைக் கிளைகள்தான். நீளக் கிளை அபூர்வம். கைக்கெட்டுகிற தூரத்தில் ஆயிரம் கிளை இருக்க, பெண் ஈ எங்கோ இருக்கிற ஒன்றிரண்டைத் தேடிப் போகிறது. மா, எலுமிச்சை வளர்ப்பவர்கள் நீர்ப்போத்து என்று சொல்லி வெட்டி எறிவார்களே, காய்க்காமல் செங்குத்தாக நெட்டென்று எழும்பும் கிளை, கிட்டத்தட்ட அந்த ரகம்தான் இதற்கு வேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம்? முதல் காரணம் உயிர்ப்பிழைப்பு. நீளக் கிளையில் வைத்த முட்டையிலிருந்து வந்த புழுக்கள் அதிகம் பிழைத்தன, குட்டைக் கிளையில் வைத்தவை அதிகம் செத்தன. அதில் ஒரு பகுதி பட்டினி, அல்லது முடிச்சே சரியாக வளராதது. இன்னொன்று வில்லோவின் பழக்கம். அது இலையை மட்டும் உதிர்ப்பதில்லை. வளர்ச்சி குன்றிய சிறு கிளைகளையும் அடியோடு கழற்றிவிடும். ஓடையில் விழுந்த கிளையோடு புழுவும் போய்ச் சேர வேண்டியதுதான். நீளக் கிளையை மரம் அப்படிக் கைவிடுவதில்லை.

இரண்டாவது காரணம் எதிரிகள். முடிச்சுக்குள் இருந்தால் பத்திரம் என்று நாம் நினைப்போம், ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு அது ஒரு பொருட்டில்லை. வெளியிலிருந்தே ஊசியை இறக்கி, உள்ளே கிடக்கும் புழுவின் மேல் தன் முட்டையை வைத்துவிட்டுப் போகும் கூட்டம் அது. இந்த ரம்ப ஈக்கு முக்கிய எதிரிகள் இரண்டு. ஒன்று முடிச்சு பிஞ்சாக, மெத்தென்று இருக்கும்போதே வந்துவிடும். இன்னொன்று, டெரோமாலஸ் என்ற பேரினத்தது, முடிச்சு வளர்ந்தபின் வரும். இரண்டாவதன் ஊசி குட்டை. முடிச்சு போதுமான அளவு தடித்திருந்தால் நடுவில் இருக்கிற புழுவை அது எட்டாது. தடித்த முடிச்சு எங்கே உருவாகும்? தெம்பாக வளரும் கிளையில். பிரைஸும் கேரன் கிளான்சியும் 1986-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. சில மில்லிமீட்டர் கூடுதல் சதைதான், ஆனால் அது கோட்டைச் சுவர். அந்தச் சுவரை எழுப்பிக் கொடுப்பது செடியின் தெம்பு.

சரி, பெண் ஈக்குக் கிளையின் தெம்பு எப்படித் தெரிகிறது? வில்லோ பட்டையில் கசப்பான சேர்மங்கள் உண்டு. அந்தக் குடும்பத்திலிருந்துதான் சாலிசின் வந்தது, அந்த வழியில்தான் பின்னால் ஆஸ்பிரினும் வந்தது. தின்ன வருபவனை விரட்ட மரம் வைத்திருக்கும் கசப்பு அது. அந்த வகையைச் சேர்ந்த டிரெமுலாசின் என்ற பொருள்தான் இந்த ஈயை முட்டை வைக்கத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மற்றவருக்கு 'உள்ளே வராதே' என்று மாட்டிய பலகை இதற்கு விலாசப் பலகையாகிவிட்டது. இன்னொன்றையும் அது கவனிக்கிறது. வேறொரு பெண் ஏற்கெனவே அறுத்த தழும்பு அந்த இடத்தில் இருந்தால், காயத்திலிருந்து கசியும் பொருளை உணர்ந்து ஒதுங்கிவிடும். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் வைத்தால் இரண்டும் உருப்படாது என்பது அதற்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மகள், மகன் கணக்கு. தேனீ, எறும்பைப் போலவே ரம்ப ஈயிலும் கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாத முட்டை ஆணாகும். விந்துவைச் சேமித்து வைத்திருக்கும் தாய், முட்டை இறங்கும் நேரத்தில் அதைக் கலக்கலாம், கலக்காமலும் விடலாம். கிரெய்க்கும் கூட்டாளிகளும் 1992-இல் எழுதியபடி, தெம்பான செடிகளில் பெண் முட்டைகள் கூடுதலாக இருந்தன. சுமாரான செடியில் ஆண் முட்டை கூடுதல். நல்ல வீடு மகளுக்கு, ஒண்டுக்குடித்தனம் மகனுக்கு. நம்மூர் வழக்கத்துக்கு நேர்மாறு.

இதையெல்லாம் வைத்து பிரைஸ் 1991-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். சில வகைப் பூச்சிகளுக்குச் செடியின் வீரியம்தான் ஈர்ப்பு, நலிவு அல்ல என்பது அதன் சாரம். இது அன்று செல்வாக்காக இருந்த ஒரு கருத்துக்கு நேர் எதிர். ஆஸ்திரேலியாவில் டி.சி.ஆர். ஒயிட் என்பவர் 1969-இலேயே யூகலிப்டஸ் மரங்களில் சாறு உறிஞ்சும் ஒரு பூச்சியைப் பற்றி எழுதியிருந்தார். மழை பொய்த்தும் மிகுந்தும் மரம் வாட்டமுறும்போது அதன் திசுவில் நைட்ரஜன் எளிதாகக் கிடைக்கும் வடிவில் கூடுகிறது, அதனால்தான் பூச்சி பெருகுகிறது என்பது அவர் வாதம். மாடித்தோட்டக்காரர் சொன்னதன் அறிவியல் வடிவம் இது. இரு தரப்பும் கொஞ்ச காலம் மோதிக்கொண்டன. என் கணக்கில் இருவருமே அவரவர் பூச்சியைப் பொறுத்தவரை சரி. சாறு உறிஞ்சுகிறவனுக்கும், சாகப்போகிற மரத்தைத் துளைக்கிறவனுக்கும் வாட்டம் லாபம். செடியைத் தனக்காக ஒரு வீடு கட்ட வைக்க வேண்டியவனுக்கு, கட்டுகிற தெம்பு செடியிடம் இருந்தாக வேண்டும். ஆனைக்கொம்பன் ஈயும் இதே சாதிதான். தூர் கட்டிக்கொண்டிருக்கும் பயிரின் குருத்தில்தான் அதன் ஜம்பம் பலிக்கும், கதிர் வந்த பயிரில் அதற்கு வேலையில்லை. எல்லாப் பூச்சிக்கும் ஒரே விதி என்று தேடியதில்தான் கோளாறு.

வில்லோவுக்கு எப்போது நீளக் கிளை வரும்? யாராவது ஒடிக்கும்போது. முருங்கையை வெட்டிவிட்டால் அடுத்த மாதம் குபுகுபுவென்று துளிர்க்கிறதே, அதே குணம். ஓடையில் வெள்ளம் வந்து தண்டுகளை அடித்துப் போனால் அடியிலிருந்து நெட்டைக் கிளைகள் எழும்பும். மிருகங்கள் மேய்ந்தாலும் அப்படித்தான். அலாஸ்காவில் மூஸ் என்ற பெரிய மானும் பனி முயலும் கடித்த வில்லோக்களில் முடிச்சுப் பூச்சிகள் கூடுதலாக இருந்ததை 1997-இல் பதிவு செய்திருக்கிறார்கள். மூஸ் காலை உணவு சாப்பிட்டுவிட்டுப் போகிறது, அது அறியாமலே ஒரு பூச்சிக்கு வீட்டுமனை போட்டுக் கொடுக்கிறது.

இதைவிட விசித்திரம், ரம்ப ஈயே கொஞ்சம் கவாத்து செய்கிறது. முடிச்சு விழுந்த கிளையின் நுனி வளர்ச்சி தடைபடுகிறது, கீழே தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் விழித்துக்கொண்டு புதுக் கிளைகளாகின்றன. செடி முதிர்ந்து பூக்கும் பருவத்துக்குப் போவது தள்ளிப்போகிறது, இளமையிலேயே நிற்கிறது. அடுத்த ஆண்டு வரும் ஈக்களுக்கு மறுபடி இளங்கிளை. தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக் கத்தியோடு நிற்பவர் செய்கிற வேலைதான், மரமாக விடாமல் கொழுந்து நிலையிலேயே நிறுத்தி வைப்பது. திட்டமிட்டுச் செய்கிறது என்று சொல்லிவிட முடியாது, ஆனால் விளைவு அதன் பேரப்பிள்ளைகளுக்குச் சாதகமாக இருக்கிறது.

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் இந்தப் பூச்சி ஏன் வில்லோக்களை மொட்டையடித்து அழிக்கவில்லை? இதற்கு பிரைஸ் சொன்ன பதில் மறுபடி அந்த ரம்பத்துக்கே போகிறது. கனடாவின் கிழக்குக் காடுகளில் ஸ்புரூஸ் மொட்டுப்புழு என்று ஒன்று உண்டு. சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பெருகி, கண்ணுக்கெட்டிய தூரம் மரங்களை மொட்டையாக்கும். அதன் தாய் அந்துப்பூச்சி, முதிர்ந்த ஊசியிலைகளின் மேல் கொத்துக் கொத்தாக முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். சாப்பாடு தேடுவது பிள்ளைகள் பொறுப்பு. தாய் எதையும் அளந்து பார்ப்பதில்லை, அதனால் நல்ல இடம் தீர்ந்துபோனது என்பதும் அவளைத் தடுப்பதில்லை. காடு முழுக்கச் சாப்பாடுதான். ரம்ப ஈக்கு அப்படி இல்லை. முட்டையைத் திசுவுக்குள் இறக்க ஒரு கருவி வந்துவிட்டது. அந்தக் கருவி இளந்தண்டில்தான் வேலை செய்யும். அதனால் தாய் தேர்ந்தெடுத்தாக வேண்டும். தேர்ந்தெடுக்கத் தேவையான நீளக் கிளைகள் எந்த ஆண்டும் கொஞ்சம்தான். புதரே பச்சையாக நின்றாலும், இந்தப் பூச்சியின் கண்ணுக்கு அதில் பெரும்பகுதி வெறும் சுவர். பத்திரமான வீட்டைக் கொடுத்த அதே ரம்பம் எண்ணிக்கைக்கும் பூட்டுப் போட்டுவிட்டது. பெருவெடிப்பாகப் பெருகுகிற பூச்சிகளைத்தான் எல்லோரும் ஆராய்கிறார்கள், ஏனென்றால் அதற்குத்தான் பணம் வரும். எப்போதும் குறைவாகவே இருக்கிற பூச்சி ஏன் குறைவாக இருக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ரம்பம் எல்லா ரம்ப ஈக்கும் உண்டு, முடிச்சு எல்லாவற்றுக்கும் இல்லை. அதனால் முடிச்சு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் பார்க்க முடிகிறது. ஃபின்லாந்தின் டொம்மி நீமனும் சக ஆய்வாளர்களும் 2000-இல் இந்தக் குடும்பத்தின் மரபணுக்களை ஒப்பிட்டு வம்சாவளி போட்டார்கள். முதலில் இலையை வெளிப்படையாகத் தின்றவை. அதிலிருந்து இலை ஓரத்தை மடித்து உள்ளே ஒளிந்துகொண்டவை. பிறகு இலையில் முழு முடிச்சு கட்டியவை. அப்புறம்தான் இலைக்காம்பு, மொட்டு, தண்டு என்று மற்ற இடங்களுக்குப் போனவை. முடிச்சின் வடிவம் எந்த வில்லோ என்பதைவிட எந்த ஈ என்பதைப் பொறுத்தே அமைந்திருந்தது. கொத்தனார் மரம்தான், வரைபடம் பூச்சியுடையது. இலை மடிப்பவை, இலை முடிச்சு கட்டுபவை, தண்டில் கட்டுபவை என்று முன்பு தனித்தனிப் பேரினங்களாக வைத்திருந்தார்கள். 2014-இல் அவற்றையெல்லாம் யூரா என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். பழைய கட்டுரைகளில் பொண்டானியா, ஃபில்லோகோல்பா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், ஒரே குடும்பம்தான். அரோயோ வில்லோவில் மட்டுமே தண்டுக்கு ஒன்று, காம்புக்கு ஒன்று, இலைக்கு ஒன்று, மடிப்புக்கு ஒன்று என்று நான்கு வகை குடியிருக்கின்றன.

இந்தக் கூட்டத்தை நம் ஊரில் தேடினால் ஏமாற்றம்தான். பெரும்பாலான உயிரினக் கூட்டங்கள் வெப்ப மண்டலத்தில்தான் வகைவகையாகப் பெருகும். ரம்ப ஈக்கள் தலைகீழ், வடக்கே போகப் போக இனங்கள் கூடுகின்றன. வில்லோவும் அப்படித்தான். மரமே தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும் ஆர்க்டிக் பிரதேசத்தில்கூட, குட்டை வில்லோ இலைகளில் சிவப்பு மணிபோல இவற்றின் முடிச்சுகள் இருக்கும்.

ஃபிளாக்ஸ்டாஃபில் இந்த ஈயின் எண்ணிக்கையை ஏற்றி இறக்குவது எதுவென்று கடைசியில் பார்த்தார்கள். ஒட்டுண்ணிக் குளவிகள் என்று முதலில் தோன்றும், ஆனால் பல ஆண்டுக் கணக்கில் பலமாகத் தெரிந்தது தண்ணீர். குளிர்காலத்தில் பனியும் மழையும் நன்றாக விழுந்தால் ஓடையில் நீர் நிற்கும், வில்லோ நீளக் கிளை விடும், முட்டைக்கு இடம் கூடும். வறண்ட குளிர்காலம் வந்தால் புதர் குட்டைக் கிளைகளோடு நிற்கும், பெண் ஈக்கள் ஏறி இறங்கிவிட்டு வைக்க இடமில்லாமல் அலையும். இதில் ஒரு தாமதமும் உண்டு. நல்ல பனி விழுந்த ஆண்டின் கோடையில் ஈக்கள் கூடுதலாகத் தென்படாது, அவை முந்தைய ஆண்டின் முடிச்சுகளிலிருந்து வந்தவை. கூடுவது முடிச்சுகள்தான். அவற்றிலிருந்து ஈக்கள் கிளம்புவதைப் பார்க்க இன்னொரு குளிர்காலம் கழிய வேண்டும். அதற்குள் ஓடை மறுபடி காய்ந்திருந்தால், பெருகி வந்த அத்தனை பெண்களும் குட்டைக் கிளைகளுக்குத்தான் வந்து சேர்வார்கள்.